பச்சை வயர் போகும் இடம்

பழைய ஐஸ் ஃபேக்டரிக்கு வெள்ளையடித்து வாசலில் பலகை மாட்டிய நாளிலிருந்து கரன்ட்காரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வயரிங், பிளம்பிங், வெல்டிங், மர வேலை எல்லாம் இலவசமாகக் கற்றுத் தரப்படும், வயது வரம்பு கிடையாது, பெண்களும் சேரலாம் என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. கீழே பொடி எழுத்தில், வாரம் ஒருநாள் குடிமக்கள் வகுப்புக்கு வருவது கட்டாயம் என்றும் இருந்தது. அந்தப் பொடி எழுத்துதான் அவரை உறுத்தியது.

அந்த நாலு தெருவுக்கும் வயரிங் என்றால் அவர்தான். ஃபேன் சுற்றவில்லை என்றாலும், மோட்டார் இழுக்கவில்லை என்றாலும், கல்யாண வீட்டுக்கு விளக்குப் போட வேண்டும் என்றாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சொந்தப் பெயர் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது, கரன்ட்காரர் என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும். அப்படி வாழ்ந்த மனிதருக்கு, இனி வீட்டுக்கு ஒரு கரன்ட்காரன் முளைக்கப் போகிறான் என்றால் எப்படி இருக்கும்?

"எவனாவது சும்மா தொழில் கத்துத் தருவானா?" என்று தட்டின் முன்னால் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார். "பின்னாடி எவனோ பெரிய கான்ட்ராக்டர் இருக்கான். நாலு தெருவையும் வாரிச் சுருட்டப் பார்க்கிறான். அது என்ன குடிமக்கள் வகுப்பு? வயரிங் கத்துக்க வர்றவனுக்கு வகுப்பு எதுக்கு? ஆள் சேர்க்கிறாங்க, வேற என்ன!"

எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையாட்டினாள். ஊருக்கெல்லாம் அவள் தையலக்கா. சந்தேகப்படுவதில் கணவரைவிட ஒரு படி மேல். துணி கொண்டு வருகிறவர் ரெண்டு மீட்டர் இருக்கு என்றால், "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் கண் முன்னாலேயே அளந்து பார்ப்பாள். சிரித்த முகத்தோடு யாராவது வாசலில் வந்து நின்றால் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள். இந்தக் குணத்தால் அவளுக்குச் சிநேகிதிகள் குறைவு, ஆனால் ஏமாந்த கதை ஒன்றுகூடக் கிடையாது.

"நீ போய்ச் சேர்ந்துடு" என்றார் கரன்ட்காரர்.

"நானா? எனக்கு ஃபியூஸ் எது, பிளக் எதுன்னே தெரியாதே!"

"அதான் வேணும். தெரிஞ்சவன் போனா முதல் நாளே மோப்பம் பிடிச்சுடுவாங்க. நீ போ, காதைத் தீட்டிக்கிட்டு உட்காரு. சாயந்திரம் வந்து என்கிட்ட சொல்லு."

இப்படித்தான் தையலக்கா எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தாள். முன்னேற வேண்டும் என்ற ஆசையும் இல்லை, சொந்தக் காலில் நிற்கும் லட்சியமும் இல்லை. அவள் போனது வேவு பார்க்க.

ஐஸ் ஃபேக்டரியின் சுவர்கள் இரண்டு முழம் கனம். தரையில் தண்ணீர் ஓடிய வாய்க்கால் தடம் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் வெல்டிங் பொறி பறக்கும், மறுபக்கம் மரத்தூள். நடுவில் வரிசையாகப் பலகைகள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஸ்விட்சும் பிளக்கும் பல்பும் மாட்டி வைத்திருந்தார்கள். சொல்லிக் கொடுக்க வந்தவள் ஒரு பெண். அக்காவைவிடப் பத்து வயதாவது சின்னவள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டிருப்பாள். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மாஸ்டர் வெளியூர்க்காரி, சிரிக்கவே மாட்டாள். இது அக்காவுக்குப் பெரிய சங்கடமாகப் போனது. சிரிப்பவர்களைச் சந்தேகப்பட்டுப் பழகிய அவளுக்கு, இந்த மூஞ்சியை எந்தப் பக்கத்திலிருந்து சந்தேகப்படுவது என்று பிடிபடவில்லை.

அக்காவுக்கு ஜோடியாக வந்தவர் ஒரு முன்னாள் பஸ் கண்டக்டர். முழங்கால் மடங்க மறுத்ததால் வேலையை விட்டவர். வாய் மட்டும் இன்னும் ஓடும் பஸ்ஸில்தான் இருந்தது. "தங்கச்சி, இவங்க நம்மள எதுக்கோ தயார் பண்றாங்க. பார்த்துக்கிட்டே இரு, ஒரு நாள் லாரியில ஏத்திக் கொண்டு போய் எவனுக்காவது கை தட்டச் சொல்வாங்க" என்று காதில் ஓதுவார். அக்காவுக்கு அவர் மேலும் ஒரு கண் இருந்தது. இவ்வளவு அவநம்பிக்கை உள்ள ஆள் ஏன் ஒருநாள் தவறாமல் வருகிறார்?

வேலை என்னவோ அவளுக்குப் பிடித்துப்போனது. வயரின் தோலை மட்டும் சீவி, உள்ளே இருக்கும் செம்பில் ஒரு கீறல்கூட விழாமல் உரிக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தையல் பிரித்த விரல்களுக்கு அது கைவந்த வேலை. மாஸ்டர் அவள் பலகையின் முன்னால் நின்று, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பலகைக்குப் போவாள். குறை சொல்லாமல் போனாலே பாராட்டு என்று எல்லோருக்கும் தெரியும். சாயந்திரம் வீட்டில் கரன்ட்காரர் விசாரிக்கும்போது யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். வேலை பிடித்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது.

குடிமக்கள் வகுப்பு வேறு மாதிரி. அன்றைக்குக் கருவியைத் தொட விடமாட்டாள் மாஸ்டர். தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு நடப்பாள். இந்தச் சாக்கடை யார் பொறுப்பு, இந்த விளக்குக் கம்பம் யார் பொறுப்பு, எரியாவிட்டால் யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று துளைத்தெடுப்பாள். தெரியாது என்றால், "உங்க தெருதானே?" என்பாள்.

படிப்பு முடிகிற சமயத்தில் மாஸ்டர் வைத்திருந்த வேலை இதுதான். ஒவ்வொரு ஜோடியும் ஒரு தெருவுக்குப் போய் வீடுவீடாக வயரிங்கைச் சோதிக்க வேண்டும். பிறகு நகரசபையின் பொதுக்கூட்டத்தில் எழுந்து, பார்த்ததைச் சொந்த வாயால் சொல்ல வேண்டும். கையில் காகிதம் இருக்கக் கூடாது.

"பார்த்தியா!" என்று துள்ளினார் கரன்ட்காரர். "வீட்டுக்குள்ள நுழையுறாங்க! நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

வெளியே அனுப்புவதற்கு முன்னால் மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க வீடுகள்ல ஃபிரிட்ஜைத் தொட்டா ஷாக் அடிக்குதா?"

"இல்லை" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

"நாங்கதான் செருப்பு போட்டுக்குவோமே" என்றார் கண்டக்டர்.

மாஸ்டருக்குப் புரியவில்லை. அப்புறம் ஆளுக்கொரு பக்கமாக விளக்கினார்கள். அந்த நாலு தெருவிலும் ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அது வெளியே போகாது, யாரும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கவும் மாட்டார்கள். ஃபிரிட்ஜைத் திறக்கும்போது காலை அதில் நுழைப்பார்கள், மூடியதும் உருவிக்கொள்வார்கள். கடையில்கூட 'ஃபிரிட்ஜ் செருப்பு' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பான். ஃபிரிட்ஜ் என்றால் அப்படித்தான் என்பது அவர்கள் எண்ணம்.

"ஃபிரிட்ஜ்னா அப்படி இல்ல" என்றாள் மாஸ்டர். ஒரு பல்பை எடுத்தாள், அதிலிருந்து இரண்டு வயர் தொங்கியது. "ஒரு முனை பிளக்குல கரன்ட் வர்ற ஓட்டையில. இன்னொண்ணு மேல இருக்கிற பெரிய ஓட்டையில. அங்கேருந்து ஒரு பச்சை வயர் மண்ணுக்குப் போகணும். அதுக்குப் பேர்தான் எர்த். பல்பு எரிஞ்சா எர்த் இருக்கு. எரியலைன்னா, கசியற கரன்ட்டுக்கு மண்ணுக்குப் போக வழி இல்ல. தொடுற ஆள் வழியாத்தான் போகும்."

அக்காவுக்கும் கண்டக்டருக்கும் அந்த நாலு தெருவில் ஒன்றான பின்தெரு விழுந்தது. முதல் வீட்டில் ஒரு கிழவர் படுத்திருந்தார், மருமகள் அடுப்படிக்கு வழிகாட்டினாள். ஃபிரிட்ஜுக்கு முன்னால் செருப்பு. அக்கா பிளக்கில் பல்பின் முனைகளை வைத்தாள். பல்பு எரியவில்லை. மெயினை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள். பச்சை வயர் இருந்தது, ஒழுங்காக இறுக்கியும் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு இணைப்பு, மேலே கறுப்பு டேப், டேப்புக்கு மேலே வரிசை பிசகாமல் சுற்றிய நீல நூல்.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். அது அவள் நூல். ஒரு வருஷம் பள்ளிக்கூடச் சீருடை மொத்தமாகத் தைக்க எடுத்தபோது வாங்கிய நீலம், கடையில் வேறு யாரும் வாங்காத நிறம். உஷ்ணத்தில் டேப் பிரிந்துவிடும் என்று அவள் டப்பாவிலிருந்து மிச்ச நூலை எடுத்து மேலே சுற்றுவது கரன்ட்காரர் பழக்கம். ஊரில் வேறு எவனும் அப்படிச் செய்வதில்லை.

அடுத்த வீட்டில் அரக்கு நூல். அதற்கடுத்த வீட்டில் மஞ்சள். எந்த வருஷம் எந்தத் துணி தைத்தோம் என்று அவளால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. எங்கேயும் பல்பு எரியவில்லை. தெருக்கோடி வரை பச்சை வயர் இருந்தது, எர்த் மட்டும் இல்லை.

அவள் மனசு நேராக ஓர் இடத்துக்குத்தான் போனது. பார்வைக்கு ஒரு துண்டு பச்சை வயரைச் செருகி விட்டு, சுவருக்குள்ளே எங்கோ வெட்டி விட்டிருக்கிறார். யாருக்குத் தெரியப் போகிறது என்று ஊரையே ஏய்த்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்டவள், பக்கத்தில் படுக்கும் கணவரை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை.

"இந்த நூல் சுத்துற கை யாரோடதுன்னு தெரியுமா, தங்கச்சி?" என்றார் கண்டக்டர், குரலைத் தாழ்த்தி.

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதா? சரி, விடு." கண்டக்டர் முழங்காலைத் தேய்த்தார். "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயரிங் பண்றானே, அவன் என் மச்சான். அவன்தான் என்னை அனுப்பினான். இங்க என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு வரச் சொல்லி. உன்னை யார் அனுப்பினாங்கன்னும் எனக்குத் தெரியும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இரண்டு உளவாளிகள் மாதக்கணக்கில் ஒரே பலகையில் ஒட்டி நின்று ஒருவரையொருவர் வேவு பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவள் மனசு வேறு கணக்குப் போட்டது. இந்த ஆள் போய் மச்சானிடம் சொல்வார், மச்சான் ஊரெல்லாம் தமுக்கடிப்பான். அதோடு கரன்ட்காரர் என்ற பெயர் முடிந்தது. அந்தப் பெயரை விட்டால் அந்த மனிதருக்கு வேறு எதுவும் கிடையாது. சரி, வாயை மூடிக்கொண்டு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? எரியாத பல்பு கண் முன்னால் நின்றது.

மறுநாள் கரன்ட்காரர் வேலைக்குக் கிளம்பியதும் தன் அடுப்படியிலேயே பல்பை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. சொந்த வீட்டிலுமா? போன மாதம் மகள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்டுத் துள்ளி விழுந்தாள். கரன்ட்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அக்காதான் ஓடி வந்து, "செருப்பு போடாம ஏன்டி தொட்ட?" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். அந்த அடி இப்போது அவளுக்கே திரும்ப வலித்தது. சுவரில் சாய்ந்து சத்தம் வராமல் அழுதாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் இருந்த இருப்பு வேறு. அவர் சாப்பிடுவதைப் பார்ப்பாள், கை கழுவுவதைப் பார்ப்பாள், மகளோடு விளையாட்டுக்குச் சண்டை போடுவதைப் பார்ப்பாள். இவர் மனசறிந்து இப்படிச் செய்யக்கூடியவரா என்று முகத்தில் தேடுவாள். ஒருநாள் நூல் டப்பாவை எடுத்து அலமாரியின் அடியில் ஒளித்து வைத்தாள்.

"நூல் டப்பா எங்க?" என்றார் அவர், பையைத் தோளில் போட்டபடி.

"தெரியலையே."

"உனக்குத் தெரியாம இந்த வீட்ல ஒரு ஊசி நகருமா?" அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ முன்னாடி மாதிரி இல்ல. அங்க நடக்கிறதை முழுசாச் சொல்றதும் இல்ல. உன்னை அவங்க பக்கம் இழுத்துட்டாங்களா?"

"யாரும் யாரையும் இழுக்கல. போங்க, வேலைக்கு நேரமாச்சு."

அவர் போனார். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அக்காவுக்கு இப்போது மாஸ்டர் மேல் கோபம் வந்தது. ஊரில் பத்துப் பதினைந்து தெரு இருக்க, எனக்கு ஏன் பின்தெரு? என் கையாலேயே என் கண்ணைக் குத்த வைக்கப் பார்க்கிறாளா? வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நேராகப் போய் நின்றாள்.

"நான் யார் பொண்டாட்டின்னு தெரிஞ்சுதான் என்னை அங்க அனுப்பினீங்களா?"

"ஆமா" என்றாள் மாஸ்டர், ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே.

அக்கா இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், மடக்கலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"வெளியாள் போனா உள்ள விடமாட்டாங்க. உங்களை எல்லா வீட்லயும் தெரியும், விடுவாங்க. அதுக்காகத்தான் அனுப்பினேன். நீங்க வேவு பார்க்க வந்தீங்கன்னும் முதல் நாளே தெரியும். கண்டக்டரும் அப்படித்தான். வெல்டிங்ல ரெண்டு பேர், மர வேலையில ஒருத்தர்."

"தெரிஞ்சும் ஏன் சேர்த்துக்கிட்டீங்க?"

"வேவு பார்க்க வர்றவங்கதான் ஒருநாள்கூட லீவு போடுறதில்ல." மாஸ்டர் முகத்தில் அப்போதும் சிரிப்பு இல்லை. "கூட்டத்துல நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. யார் செஞ்சதுன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா அங்க கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

கூட்டத்தன்று நகரசபை மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. மேடையில் தலைவர், பக்கத்தில் உறுப்பினர்கள், ஓரத்தில் கோப்புகளோடு ஒரு இன்ஜினியர். மைக் கிறீச்சிட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் கரன்ட்காரர் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பையில் கரன்ட் பார்க்கும் டெஸ்டர் செருகியிருந்தது. தான் வரப்போவதாக அவர் சொல்லவே இல்லை. வேவு பார்க்க அனுப்பியவளையே வேவு பார்க்க வந்திருக்கிறார்.

முதலில் கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் விளக்குக் கம்பங்களைப் பற்றிப் பேசினார், உடைந்த சாக்கடை மூடிகளைப் பற்றிப் பேசினார், நடுவில் இரண்டு ஜோக்கும் அடித்தார். "வீட்டு வயரிங் பத்தி என் ஜோடி சொல்லும்" என்று உட்கார்ந்துவிட்டார். மச்சானுக்கு வேண்டிய சேதியை அவர் தன் வாயால் சொல்லவில்லை. இத்தனை நாள் அந்த மனிதரைத் தப்பாக எடை போட்டோமே என்று அக்காவுக்கு முகம் சூடானது.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாங்க பின்தெருவுல எல்லா வீட்டுக்கும் போனோம். பச்சை வயர் எல்லா வீட்லயும் இருக்கு. எர்த் ஒரு வீட்லயும் இல்ல. ஃபிரிட்ஜைத் தொட நாம செருப்பு போடுறோமே, அது ஃபிரிட்ஜோட குணம் இல்ல. கரன்ட்டுக்குப் போக வழி இல்லாம நம்ம உடம்பைத் தேடுது. கை ஈரமா இருந்து, கால்ல செருப்பும் இல்லாத ஒருநாள் யாராவது செத்துப் போவாங்க."

மண்டபம் சலசலத்தது. தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "இது பெரிய குற்றச்சாட்டும்மா. அந்த வயரிங் எல்லாம் யார் செஞ்ச வேலை?"

தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. கடைசி வரிசையைப் பார்க்காமல் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர். எங்க வீட்டு அடுப்படியிலயும் பல்பு எரியல."

நாற்காலி தள்ளிவிடப்படும் சத்தம் கேட்டது. கரன்ட்காரர் எழுந்து நின்றிருந்தார், முகம் கறுத்திருந்தது. "எர்த் போடாம நான் ஒரு வீட்டையும் விட்டதில்ல!" என்று கத்தினார். "பச்சை வயரைத் தண்ணி பைப்புல கிளாம்ப் போட்டு நானே இறுக்கியிருக்கேன். எல்லா வீட்லயும்! எவன் வேணா வந்து பார்க்கட்டும்!"

"என்ன பைப்?" என்று கேட்டாள் ஓரத்தில் நின்ற மாஸ்டர்.

"இரும்பு பைப். வீட்டுக்குள்ளேருந்து தெருவுக்குப் போய் மண்ணுக்குள்ள இறங்குதுல்ல? அதைவிட நல்ல எர்த் எது? என் காலத்துல எல்லாரும் அப்படித்தான் செஞ்சோம்."

"எங்க இறங்குது?" என்று நடு வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தாள். "தெருவைத் தோண்டி இரும்பையெல்லாம் எடுத்துட்டு பிளாஸ்டிக் பைப் புதைச்சு எவ்வளவு வருஷமாச்சு!"

மாஸ்டர்தான் அதை உடைத்துச் சொன்னாள். வீட்டுக்குள்ளே பைப் இன்னும் இரும்பு, வாசலைத் தாண்டினால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் கரன்ட் ஓடாது, அதனால் மண்ணுக்குப் போகாது. ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் கசிந்தால், சுவருக்குள் தொடரும் இரும்பு பைப் வழியாக, ஒட்டிக் கட்டிய பக்கத்து வீட்டுக் குழாய் வரை அது போகும்.

"அதான் குளிக்கும்போது குழாயைத் தொட்டா சுருக்குனு இழுக்குதா?" என்று அலறினாள் அந்த அம்மா.

அவ்வளவுதான், மண்டபம் மேடைப் பக்கம் திரும்பிவிட்டது. பைப் மாற்றும்போது ஏன் சொல்லவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இன்ஜினியர் எழுந்து, "பைப் மாத்துறது தண்ணீர்ப் பிரிவு. மின்சாரம் எங்க பிரிவுல வராது" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை. இரைச்சல் அடங்கும்போது தலைவர் ஒரு வழிக்கு வந்திருந்தார். ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் நகரசபையே எர்த் குழி தோண்டும், பயிற்சி நிலையத்தில் படித்தவர்களை வேலைக்கு எடுக்கும், மாஸ்டர் மேற்பார்வை பார்ப்பாள்.

வெளியே வந்தபோது நாலு பேர் கரன்ட்காரர் தோளைத் தட்டினார்கள். "நீங்க ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. இவங்க பண்ண கூத்துக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றார்கள். கண்டக்டர்கூட வந்து கை கொடுத்தார். கரன்ட்காரர் தலையை மட்டும் ஆட்டினார். வயரை வெட்டி ஏமாற்றியதாக அல்லவா நினைத்துவிட்டேன், இந்த மனிதரை! வீட்டுக்குப் போனதும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

தெருமுனை திரும்பும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பைப் மாற்றத் தெருவைத் தோண்டினார்களே, அப்போது வெட்டுகிற மிஷினுக்கு கரன்ட் இழுத்துக் கொடுத்தது யார்? இவர்தான். பள்ளத்தின் விளிம்பில் நாள் முழுக்க நின்றார். மத்தியானம் அவள்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் காலடியில் கறுப்பு பிளாஸ்டிக் பைப் சுருள் சுருளாகக் கிடந்தது. மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தை அங்கேயே விட்டாள்.

வீட்டில் மகள் கூடத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கரன்ட்காரர் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கையில் உருட்டினார். அக்கா கதவைச் சாத்திவிட்டு எதிரே நின்றாள்.

"சபையில என் மானத்தை வாங்கிட்ட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "என்கிட்ட முதல்ல கேட்டிருக்கலாம்ல?"

"இப்ப கேக்குறேன். பைப் மாத்தினாங்களே, அன்னிக்கு உங்களுக்குத் தோணலையா?"

அவர் டெஸ்டரை உருட்டுவதை நிறுத்தினார்.

"தோணலைன்னு சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"தோணுச்சு" என்றார். "அன்னிக்கே தோணுச்சு. அத்தனை வீட்டுக்கும் போய், நான் போட்ட எர்த் போச்சு, திரும்பத் தோண்டணும்னு எப்படிச் சொல்றது? என்னை என்ன நினைப்பாங்க? யாராவது வந்து ஷாக் அடிக்குதுன்னு கேக்கட்டும், அப்பச் சொல்லி சரி பண்ணிடலாம்னு இருந்தேன். ஒருத்தரும் வரல. ஆளாளுக்குச் செருப்பு வாங்கிக்கிட்டாங்க. நாளாக ஆக, சொல்ல முடியாமலே போயிடுச்சு."

அக்காவுக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. அவர் சொன்னதில் ஓர் உண்மை இருப்பதும் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைக்குப் போய் நிறம் பார்த்துச் செருப்பு எடுத்து வந்தவள் அவள்தான். ஆனால் கூடத்தில் மகள் பாடத்தை வாய்விட்டுப் படிக்கும் குரல் கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஊர்க்காரங்க கேக்கல, சரி" என்றாள். "அவ இந்த வீட்டுல விழுந்தாளே. நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. நான் அவளை அடிச்சேன், அதையும் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அப்பவும் நான் கேட்டாத்தான் சொல்லணுமா?"

அவர் எழுந்து போய் மெயினை அணைத்தார், திரும்பி வந்து ஃபிரிட்ஜ் வயரைப் பிளக்கிலிருந்து உருவினார்.